மும்பைக்குத் தனியாகப் போய் வருபவர்கள் செய்யும் தவறுகள்: பாதி அங்கே, பாதி ஊர் திரும்பிய பிறகு

அம்மா இறந்து எட்டு மாதம் கழித்து, நாகர்கோவிலில் ரயில் ஏறித் தனியாக மும்பைக்குப் போனேன், ஆறு நாள் இருந்தேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஆறு வருடத்தில் ஒரு ராத்திரிகூட நான் வெளியூரில் தங்கியதில்லை. "அங்க யாரு இருக்கா உனக்கு?" என்று அண்ணன் கேட்டான். இப்போது யாரும் இல்லை. ஆனால் எங்கள் பெரியப்பா ஒருவர் தாராவியில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் பிழைக்கப் போன இடம் அது. அவர் லீவுக்கு வந்தால் சயான், மாட்டுங்கா, தாதர் என்று ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். அந்த வரிசை மனதில் அப்படியே தங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

திரும்பி வந்ததில் இருந்து தெரிந்த பெண்கள் சிலர் "நானும் போகணும், எதெல்லாம் பார்த்துக்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, "மும்பை" என்று டிக்கெட்டில் இருந்தால் போதும் என்று நினைப்பது. வெளியூர் ரயில்கள் வந்து நிற்கும் இடங்கள் அங்கே பல. சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) தென்கோடியில் இருக்கிறது. லோக்மான்ய திலக் டெர்மினஸ் குர்லா பக்கம். பாந்த்ரா டெர்மினஸும் பாந்த்ரா லோக்கல் ஸ்டேஷனும் வேறு வேறு. உங்கள் ரயில் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக அறை எடுங்கள். இன்னொன்று: ஆட்டோ பிடித்துப் போய்விடலாம் என்று இருக்காதீர்கள். பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது, டாக்சிதான்.

ராத்திரியில் போய் இறங்குவது அதைவிடப் பெரிய தவறு. நான் அதைச் செய்தேன். சாயங்காலம் சேர வேண்டிய ரயில் தாமதமாகிப் பத்து மணிக்குச் சேர்ந்தது. போனில் பேசி வைத்திருந்த லாட்ஜில், தனியாக வரும் பெண்களுக்கு அறை தருவதில்லை என்று அப்போதுதான் சொன்னார்கள். அன்று ராத்திரி சிஎஸ்எம்டியில் பெண்கள் காத்திருப்பு அறையில் கழிந்தது. பயமாக இருந்தது என்பதைவிட அவமானமாக இருந்தது என்று சொல்லலாம். அறை எடுக்கும்போதே "ஒரு பெண் தனியாக வருகிறேன், வந்து சேரும் நேரம் இது" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். முதல் ராத்திரிக்கு மட்டும் ஸ்டேஷனில் உள்ள ரயில்வே தங்கும் அறையை பிஎன்ஆர் எண் வைத்து முன்பதிவு செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். விடிந்த பிறகு சிஎஸ்எம்டி கட்டடத்தை வெளியே நின்று பார்த்தேன். 1887-ல் முடித்த கட்டடம். ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே இருந்தும் தலை நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அப்புறம் லோக்கல் ரயில். பயந்துகொண்டு ஆறு நாளும் டாக்சியிலேயே போகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இப்போது சிஎஸ்எம்டி இருக்கும் போரி பந்தரில் இருந்து தாணேவுக்கு ஓடியது, மாட்டுங்கா, சயான் பக்கம் போனால் அந்த வழியில்தான் நீங்கள் போகிறீர்கள். ஐந்து ரூபாயில் டிக்கெட் தொடங்குகிறது. ஆனால் ஏறும் முன் பிளாட்பார பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். கடைசி ஸ்டேஷன், ஸ்லோவா ஃபாஸ்டா, எத்தனை பெட்டி என்று அதில் இருக்கும். நான் மாட்டுங்காவில் இறங்க வேண்டியவள், ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டேன். அது தாதரை விட்டால் குர்லாவில்தான் நின்றது. காலையில் தெற்கு நோக்கி, மாலையில் வடக்கு நோக்கிக் கூட்டம் நெரியும். புதிதாகப் போகிறவர்கள் எதிர்த்திசையில் போவதுபோல நாளை அமைத்துக்கொண்டால் உட்கார்ந்தே போகலாம். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வருவதற்கு முந்தைய ஸ்டேஷனிலேயே எழுந்து வாசல் பக்கம் வந்துவிடுங்கள். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று பக்கத்தில் கேளுங்கள், சொல்வார்கள். சில லேடீஸ் பெட்டிகள் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் பெண்களுக்கு. ராத்திரி ஏறினால் 24 மணி நேரமும் பெண்களுக்கான பெட்டியா என்று பார்த்து ஏறுங்கள்.

அந்த லேடீஸ் பெட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1992 மே 5 அன்று சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே முழுக்க முழுக்கப் பெண்களுக்கு என்றே ஒரு ரயிலை விட்ட ஊர் இது. மாட்டுங்கா ஸ்டேஷனில் 2017 முதல் எல்லா வேலையும் பெண்கள்தான் பார்க்கிறார்கள். நான் ஏறிய பெட்டியில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவதாக எனக்கும் இடம் விட்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மா, வேலை முடிந்து வருகிறவர், மடியில் துணிப்பையை விரித்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மணி ஆறரை இருக்கும். எனக்கு இந்தி சரியாக வராது. கையை நீட்டினேன், ஒரு கட்டைக் கொடுத்தார். தாதர் வரைக்கும் இருவரும் பேசாமல் கீரை ஆய்ந்தோம். ஆறு நாளில் எனக்கு எது நடந்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று நாளுக்கு ஐந்தாறு இடம் எழுதிக்கொண்டு போவது அடுத்த தவறு. எழுதினாலும் விடுமுறை நாளைப் பார்த்து எழுதுங்கள். எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளில் கேட்வே ஆஃப் இந்தியாவில் இருந்து படகில் ஒரு மணி நேரம். அங்கே மூன்று முகச் சிவன் ஏறக்குறைய இருபதடி உயரம். அதன் முன்னால் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். அந்த ஒரு நாளுக்கு அதுவே போதும். மாலையில் கடலோர மரைன் டிரைவ் சுவரில் போய் உட்காரலாம், காசு கேட்கமாட்டார்கள், ஏன் தனியாக இருக்கிறாய் என்றும் யாரும் கேட்கமாட்டார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் போனால் படகும் நிற்கலாம், லோக்கலும் நிற்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. முதல்முறை போகிறவர்கள் குளிர்மாதங்களில் போங்கள்.

வீட்டுக்குப் பேசுவதில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒன்று, போன இடமெல்லாம் வீடியோ கால். உடம்பு அங்கே, பேச்சு முழுக்க இங்கே. இன்னொன்று, யாருக்கும் சொல்லாமல் போனை அணைத்துவிடுவது. அது வீட்டில் இருக்கிறவர்களைப் பதற வைக்கும். நான் அண்ணனிடம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே ஒரு கால் என்று பேசி வைத்தேன். எங்கே தங்குகிறேன் என்ற விலாசம் அவனிடம் இருந்தது. மீதி நேரம் என்னுடையதாக இருந்தது.

சரி, இனி ஊர் திரும்பிய பிறகு. யாரும் எனக்குச் சொல்லாதது இதுதான்.

வந்து இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். ஒரு நாளாவது நடுவில் விடுங்கள். நான் விடவில்லை. காலையில் வந்து இறங்கி, குளித்துவிட்டு நேராகக் கடைக்குப் போய்க் கணக்கு நோட்டைத் திறந்தேன். மத்தியானத்துக்குள் மும்பை போன சுவடே இல்லை.

"எப்படி இருந்தது?" என்று எல்லோரும் கேட்பார்கள். உடனே ஒரு கதையைச் செய்து எல்லோருக்கும் சொல்லத் தொடங்குவது பெரிய தவறு என்று நினைக்கிறேன். நான் லாட்ஜ் கதையைத்தான் சொன்னேன், கேட்கிறவர்களுக்கு அதுதான் பிடித்தது. பத்துத் தடவை சொன்ன பிறகு எனக்கே அந்தப் பயணம் என்றால் அந்த ராத்திரி மட்டும்தான் என்று ஆகிவிட்டது. கேட்டால் "நல்லா இருந்தது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக, அன்றன்று பார்த்ததை நாலு வரி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கருத்து எதுவும் வேண்டாம். யார், எங்கே, எத்தனை மணி, அவ்வளவுதான்.

வந்த சூட்டில் வாழ்க்கையை மாற்றும் முடிவு எடுப்பதும் தவறு. நான்காம் நாளே வேலையை விட்டுவிட்டு மும்பைக்கே போய்விடலாமா என்று தோன்றியது. அது அந்த ஊர் மேல் வந்த ஆசை என்று நினைத்தேன். ஒரு மாதம் எந்த முடிவும் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே, ஒன்றும் புரியவில்லை, மனசு தெளியவில்லை, போனது வீண் என்று முதல் வாரத்திலேயே வருத்தப்படவும் வேண்டாம். எனக்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது.

ஒருநாள் சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கீரையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து அம்மாவின் அறைக்குப் போய்விட்டேன். கட்டில் இல்லாத அறையில் நின்ற பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறரை. அம்மாவுக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுக்கும் நேரம். இத்தனை மாதமாகத் தினமும் ஆறரைக்கு நான் இப்படி எழுந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். "லேடீஸ் பெட்டி, வெந்தயக்கீரை, 6.30" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு நாள் மட்டும் அந்த நேரத்தில் என் கைக்கு வேறு வேலை இருந்திருக்கிறது, பக்கத்தில் ஓர் ஆளும் இருந்திருக்கிறார். மும்பைக்கே போய்விட வேண்டும் என்று அப்புறம் தோன்றவில்லை.

எதிர்வீட்டு அக்காவும் அந்த நேரத்தில் தனியாகத்தான் இருப்பார். இப்போதெல்லாம் ஆறேகாலுக்கு முறத்தையும் கீரையையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறேன்.