வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டதா? ஓட்டுப் போடும் வழி

பதறாதீர்கள். முதலில் வாக்காளர் உதவி எண் 1950-க்கு போன் போட்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது. இருந்தால் ஆதார், பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக் என ஏதாவது ஒன்றின் அசலைக் கொண்டுபோனால் போதும். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப் மட்டும் போதும் என்பதும் 2019-லேயே முடிந்துபோன கதை.

ஒரே அட்டைதான் என்று கெடுபிடி செய்தால் கள்ள ஓட்டை விட, கூலி வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் ஓட்டுதான் முதலில் போகும், அதனால் இத்தனை ஆவணங்களை ஏற்பது சரி என்பேன்.

பூத் ஏஜெண்ட் 'இவர் அந்த வாக்காளர் இல்லை' என்று உங்களை ஆட்சேபித்தால் அவர்தான் 2 ரூபாய் கட்டி நிரூபிக்க வேண்டும். அப்புறம், உங்கள் ஓட்டை யாரோ ஏற்கனவே போட்டிருந்தால், சண்டைக்குப் போகாமல் அடையாளத்தைக் காட்டி டெண்டர் ஓட்டு (இப்படி ஓட்டை இழந்தவர்களுக்கான தனி ஓட்டு) கேளுங்கள், வாக்குச்சீட்டு தருவார்கள்.