மை பேனாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு

மை பேனாவில் மறுபடி எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பேனா வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "என்ன எழுதப் போறீங்க?" அதற்குப் பதில் வைத்திருக்காதவர்கள் வாங்கும் பேனா டிராயருக்குள் மை காய்ந்து கிடக்கும். எனக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நாள் பூராவும் எக்செல். கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனாவைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது. ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போட்டபின் அரைமணி நேரம்தான் என் பேனாவுக்கு. பால் கணக்கு, காய்கறிக் கணக்கு, அன்றைக்கு நடந்தது நாலு வரி, எப்போதாவது கோவில்பட்டி அக்காவுக்கு ஒரு போஸ்ட்கார்டு. முதலில் உங்கள் பேனாவுக்கும் இப்படி ஒரு வேலையை ஒதுக்கிவிடுங்கள். பேனா சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு, பேனாவில் எழுதுவது வேறொரு பொழுதுபோக்கு. சேர்க்கப் பணம் இருந்தால் போதும், நான் சொல்ல வந்தது எழுதுவதைப் பற்றி.

முதல் பேனாவுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் போடாதீர்கள். பிளாட்டினம் பிரெப்பி என்று ஒரு ஜப்பான் பேனா இருக்கிறது. பார்க்க வெறும் பிளாஸ்டிக். ஆனால் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி ஒன்று நிப்பைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் தொடாமல் விட்டாலும் திறந்தவுடன் எழுதும். சென்னை வெயிலுக்கு இது பெரிய விஷயம். நம் அப்பாக்களின் சட்டைப் பையில் இருந்த ஹீரோவும் நல்ல பேனாதான். 1941இல் வந்த பார்க்கர் 51ஐப் பார்த்துச் செய்தது அந்த ஹீரோ 616 மாடல். நிப்பின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும், அதனால் மை சீக்கிரம் காயாது. ஆனால் இப்போது அதில் போலிகள் அதிகம், தெரிந்த கடையில் வாங்குங்கள்.

கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் பாரிமுனைக்குப் போங்கள். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஜெம் அண்ட் கோ இன்னும் மை பேனா விற்கிறது. எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கடைந்த கைப்பேனாக்கள் அங்கே கிடைக்கும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்களும் எபோனைட் கம்பியைக் கடைசல் எந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்துதான் செய்கிறார்கள். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்ததுதான் எபோனைட். புதுசில் மூடியைத் திறந்தால் லேசாகக் கந்தக வாடை அடிக்கும், அது பழுதில்லை. வெயில்பட்டால் கறுப்பு பச்சையும் பழுப்புமாக வெளுக்கும், ஆகவே ஜன்னலோரம் வைக்க வேண்டாம். இரண்டாவது பேனாவாக இதை வாங்குங்கள். ஒன்றில் நீலம், ஒன்றில் கறுப்பு. மூன்றாவது வாங்கினால் ஏதாவது ஒன்று காயத் தொடங்கும், என் வீட்டில் நடப்பதைத்தான் சொல்கிறேன்.

கடையில் நிப்பை மையில் தொட்டு எழுதிப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் தானே சொல்வார், "எழுதிப் பாருங்கம்மா, நிப்பு மாத்தித் தரேன்." எல்லாரும் அப்போது கையெழுத்தைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். கையெழுத்து பழகிப்போன வேகத்தில் ஓடிவிடும், நிப்பின் குறை தெரியாது. இ, ண, ஞ, ழ, ஐ என்று மெதுவாக எழுதுங்கள். தமிழ் எழுத்து ஏறும், இறங்கும், இடப்பக்கம் திரும்பி வளையும், தன் மேலேயே சுழிக்கும். நிப்பு எந்தத் திசையில் கீறுகிறது என்பது அந்தச் சுழியில் காட்டிக்கொடுத்துவிடும். சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா என்றும் பாருங்கள். தடித்த நிப்பில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு மூன்று மைப்பொட்டாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி கொழுத்துப்போய் மேல் வரியைத் தொடும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளியே வைக்காமல் பிழைத்துக்கொண்டார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே தமிழ் எழுத 'எஃப்', அதாவது ஃபைன் என்கிற மெல்லிய நிப்பு, பொடி எழுத்துக்காரர்கள் அதிலும் மெல்லியது. ஜப்பான்காரர்களும் சின்ன இடத்துக்குள் பல கோடு இழுக்க வேண்டியவர்கள், அதனால் அவர்களுடைய எஃப் ஜெர்மன் எஃபைவிட மெல்லிசு. பிரெப்பியில் எஃப் என்றால் 03 என்று போட்டிருக்கும், அதை எடுங்கள்.

மையில் அதிகம் யோசிக்க வேண்டாம். பிரில், கேமல் போதும். ராயல் புளூ தண்ணீர் பட்டால் போய்விடும், சட்டைக்கு நல்லது, பத்திரத்துக்கு ஆகாது. ஓவியக் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு கலந்திருக்கும், உள்ளே உலர்ந்தால் பேனா போச்சு. இரண்டு கம்பெனி மையைக் கலக்கவும் கூடாது, சில சமயம் அடியில் வண்டல் தட்டிவிடும்.

இனி கசிவு. மை பேனாவை விட்டவர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் நீலம் பார்த்துத்தான் விட்டிருப்பார்கள். காரணம் தெரிந்தால் இது தீர்க்கக்கூடிய விஷயம். நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையில் மயிரிழை போல ஒரு வாய்க்கால் இருக்கும். மை அதன் வழியே கீழே வர, அதே அளவு காற்று மேலே போகும். உடம்பு முழுக்க மை ஊற்றும் பேனாவில் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். ஏசி அறையில் இருந்த பேனாவோடு மே மாதத்து மவுண்ட் ரோடில் இறங்கினால் அந்தக் காற்று சூடேறி விரிந்து மையை வெளியே தள்ளும். உள்ளங்கைச் சூடே போதும். அதனால் பாதிக்கு மேல் மை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிப்புப் பகுதியை உடம்போடு திருகும் கழுத்து மரையில் சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் வேண்டாம், மைக்குள் இறங்கிவிடும். பையில் எப்போதும் நிப்பு மேலே. கன்வர்ட்டர், அதாவது மையை உறிஞ்சி வைக்கும் சின்ன உள்குழாய், போட்ட பேனாவில் காற்றுக்கு இடம் கம்மி, வெளியே எடுத்துப் போக அதுதான் சௌகரியம். விமானத்தில் போகிறீர்களா, முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் முழுக்கக் காலி செய்யுங்கள்.

நம் ஊரில் இன்னொரு எதிரி தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். அடுத்த வரியை யோசிக்கும் நேரத்துக்குள் நிப்பு நுனி காய்ந்துவிடும். யோசிக்கும்போது மூடியை வையுங்கள், திருகாமல் சும்மா செருகினாலும் போதும்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பேனா எழுதவில்லை என்று என்னிடம் கொண்டுவரும்போது, பெரும்பாலும் குறை நிப்பில் இருக்காது, கட்டைக்குள் அடைந்த பழைய மையில்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, மை மாற்றும்போதெல்லாம் ஒருமுறை கழுவுங்கள். சாதாரண தண்ணீர். வெந்நீர் எபோனைட்டின் நிறத்தைக் கெடுக்கும், ஸ்பிரிட் சில பிளாஸ்டிக்கையே கரைக்கும். மருந்துக் கடையில் காது கழுவும் ரப்பர் பல்ப் கிடைக்கும். அதைக் கழுத்தின் பின்பக்கம் பொருத்தித் தண்ணீரை அழுத்தினால், குழாயடியில் அரைமணி நேரம் பிடித்து நிற்கும் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். பழைய மை கெட்டித்துப் போயிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் பார்த்தால் எந்த மையை எந்தக் காலத்தில் ஊற்றினோம் என்கிற சரித்திரமே டம்ளரில் மிதக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் போர் தண்ணீர் கூடாது. எங்கள் கொளத்தூர் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைக் கறை விடும் தண்ணீர், அந்த உப்பு மயிரிழை வாய்க்காலில் படிந்தால் என்ன ஆகும்? கேன் தண்ணீர் அரை டம்ளர் செலவழியுங்கள். பிறகு டிஷ்யூ காகிதத்தை மடித்து டம்ளரின் அடியில் போட்டு, நிப்பு கீழே பார்க்க நிறுத்திவிடுங்கள். மிச்ச ஈரத்தைக் காகிதம் இழுத்துக்கொள்ளும்.

கழுவியும் எழுதவில்லையென்றால்தான் நிப்பில் கை வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாதி பிளேடை நிப்பின் நடுக்கீறலில் விட்டு நெம்புவோம், ஞாபகம் இருக்கும். அப்போது நிப்பு மலிவு. சாத்தூர் என்றால் இன்றைக்குக் காராச்சேவு, அன்றைக்கு நிப்பும்தான். குடிசைத் தொழிலாகச் செய்து ஊர் ஊராகப் போனது. கெட்டால் கடையில் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம். இப்போதைய நிப்பில் பிளேடு விட்டால் உள்விளிம்பு கீறிப்போகும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் பேனாவைவிட உபயோகமான முதலீடு அது. நிப்பை நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். நுனியில் இரண்டு சின்ன உருண்டைகள் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று மேலே ஏறியிருந்தால் அதுதான் காகிதத்தைக் கீறுவது. ஏறியதைக் கட்டைவிரல் நகத்தால் கீழே அழுத்தி, சில நொடி வைத்து, விட்டுப் பாருங்கள். மறுபடி, மறுபடி. அவசரப்பட்டு ஒரே அழுத்தில் முடிக்க நினைத்தால் எதிர்ப்பக்கம் வளையும்.

இரண்டு உருண்டையும் இறுக ஒட்டிக்கொண்டு, நடுவில் வெளிச்சமே தெரியாமல் இருந்தால் மை இறங்காது. மெல்லிய பித்தளைத் தகடு, 0.05 மில்லிமீட்டர், கீறலுக்குள் விட்டு மேலும் கீழும் இழுங்கள். மட்டமும் சரி, வெளிச்சமும் சரி, இன்னும் கரகரக்கிறது என்றால் 12,000 கிரிட் மைக்ரோமெஷ் என்கிற மிக நைஸான உப்புத்தாள் மாதிரித் தகட்டில் எழுதும் வாக்கில் எட்டுப் போடுங்கள். நாலு எட்டு, பிறகு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பிறகு லென்ஸ். நுனியில் இருப்பது இரிடியம் என்று பேர் வாங்கிய கடின உலோகப் பொட்டு. தேய்ந்தால் தேய்ந்ததுதான், திரும்ப வளராது. கொஞ்சம் கரகரப்பு இருப்பதே நல்லது என்பது என் கட்சி. ரொம்ப வழுக்கினால் என் கையெழுத்து ஓடிப்போகிறது.

பால்பாயிண்ட் பழகிய கை அழுத்தும். அதன் மை பசை மாதிரி, குண்டு உருள அழுத்தம் வேண்டும். மை பேனாவில் காகிதத்தைத் தொட்டாலே மை வரும், அழுத்தினால் நிப்பின் இரண்டு காலும் விரியும். சாய்த்துப் பிடித்து, வழக்கமான அளவைவிடப் பெரிதாக எழுதுங்கள். விரல் வலித்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

காகிதத்துக்கு நான் வெளிநாட்டு நோட்டு வாங்குவதில்லை. கரூர் புகளூரில் கரும்புச் சக்கையில் செய்யும் டி.என்.பி.எல். காப்பியர் காகிதம் என் நிப்புக்கும் மைக்கும் ஒத்துப்போகிறது, அதை நடுவில் மடித்துத் தைத்துக்கொள்கிறேன். மற்ற காகிதத்தை வாங்குவதற்கு முன் ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதி, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் மயிர் மயிராக மை ஓடினால் அந்தக் கட்டு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் காகிதமும் ஈரம் குடித்து ஊறும், கவரோடு பீரோவில் வையுங்கள். வேர்க்கிற கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாது. போஸ்ட்கார்டு அட்டையில் மை பரவத்தான் செய்யும், மெல்லிய நிப்பும் பெரிய எழுத்தும்தான் வழி. முகவரியை மட்டும் நான் பால்பாயிண்டில் எழுதுகிறேன், மழையில் நனைந்தாலும் தபால்காரருக்குத் தெரிய வேண்டுமே.

கடைசியாக, பேனாவைக் கடன் கேட்பவர்கள். பேங்க்கிலும் ரிஜிஸ்தர் ஆபீசிலும் நிச்சயம் கேட்பார்கள். வாங்குகிறவர் நிப்பைத் தலைகீழாகப் பிடித்து, நாலு கார்பன் காப்பிக்கு எழுதுகிற மாதிரி அழுத்துவார். நிப்பு அவரவர் சாய்வுக்குப் பழகுகிறதோ இல்லையோ, வளைந்தால் நமக்குத்தான் ராத்திரி லென்ஸ் வேலை. மறுத்தால் கஞ்சப்பேர் வரும். கேட்கிறவர்களுக்குக் கொடுக்க நீல மூடி ரெனால்ட்ஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.