கோயாசான் கோயிலில் இரவு தங்கப் போகிறீர்களா?

ஜப்பானின் கோயாசான் மலையில் 50-க்கும் மேற்பட்ட பௌத்தக் கோயில்கள் விருந்தினரைத் தங்க வைக்கின்றன. ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயில், கோகுராகுபாஷியில் கேபிள் கார், மேலே பஸ். மலை ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் நடக்க அனுமதியில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். மாலை 5 மணிக்குள் கோயிலில் இருக்க வேண்டும். ராச்சாப்பாடு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும், பிந்திப் போனால் பட்டினிதான்.

கோயில் சாப்பாடு முழுச் சைவம், நம்மூர் சைவக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஜப்பானில் வெறும் காய்கறிக் குழம்பில்கூட மீன்சாறு இருக்கும். இங்கே கொம்பு என்ற கடற்பாசியும் ஷிடாகே காளானும் ஊறிய சாறுதான். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள்ளில் செய்யும் மெத்தென்ற எள்ளு டோஃபுவை அவசியம் ருசித்துப் பாருங்கள். காரம் எதிர்பார்க்காதீர்கள்.

செருப்பை வாசலில் விடுங்கள். உள்ளே தரும் ஸ்லிப்பரையும் தத்தாமி பாயில் ஏறுமுன் கழற்ற வேண்டும், கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர். யுகாதா என்ற பருத்தி அங்கியை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு. பொதுக் குளியல் தொட்டியில் சோப்புப் போட்டுக் குளித்து அலசிய பிறகே இறங்கலாம்.

காலைப் பூஜை பெரும்பாலும் 6 அல்லது 6.30. மண்டியிட்டு உட்கார்ந்து முட்டி வலித்தால் சம்மணமிட்டு உட்காரலாம். குளிர்காலத்தில் பூஜை மண்டபத் தரை ஜில்லென்றிருக்கும், கம்பளிக் காலுறை இல்லாமல் போகாதீர்கள்.