போர்ஷன் முடிந்தால் போதுமா? அரசுப் பள்ளிகளை மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 52-லிருந்து 37-ஐக் கழித்து 25 என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடலாம். இன்னும் முப்பது நோட்டு இருக்கிறது, மணி அடிக்கப் போகிறது. ஆனால் அவள் வாய்க்கு வந்ததை எழுதவில்லை. 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டாள். அப்புறம் 5-ல் 3 போக 2. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று போன வருடம் கேட்டதை அப்படியே செய்திருக்கிறாள். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று நாம் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. இருபது கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் இருபதையும் இதே வழியில்தான் போடுவாள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவளையே அவிழ்க்கச் சொன்னால் விஷயம் பிடிபடத் தொடங்கும்.

பிள்ளையின் தவறைப் பார்த்து அது எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஆசிரியரின் தரம் என்று நான் சொல்வது இதைத்தான். பள்ளியை உயர்த்த எடுக்கும் பல முயற்சிகள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

பெரிய தவறு, எல்லாவற்றையும் போர்ஷனிலிருந்து தொடங்குவது. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடமே வாசிக்க வராமல் இருக்கலாம். உடனே ‘ஆல் பாஸ்தான் காரணம்’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். நல்லதாயிற்று. ஃபெயிலாக்கினால் எழுத்து தெரிந்துவிடாது, பிள்ளை பள்ளியை விட்டுப் போவதுதான் நடக்கும். கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையைத் தேக்கக் கூடாது என்றதோடு, அதன் கற்றலைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பாதியைத்தான் மறந்துவிட்டோம்.

2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இதைச் சரிசெய்ய வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்த்துக் கற்பிப்பது நல்ல யோசனை. ஆனால் ‘இவன் அரும்பு சார்’ என்று அவன் காதுபடச் சொல்லக் கூடாது. அரும்பு இன்றைக்கு அவன் நிற்கும் படி, அவ்வளவுதான். அடுத்த மாதமும் அங்கேயே நின்றால் நாம்தான் யோசிக்க வேண்டும்.

தமிழில் இன்னொன்று. க, கா, கி, கீ என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நம்பிவிடுகிறோம். வரிசையைக் கலைத்து ‘கை’யை மட்டும் காட்டுங்கள், பல பேர் விழிப்பார்கள். 247 எழுத்துகளையும் வரிசையில் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதில்லை. ட, ப, ம-வும் மேலே வைக்கும் புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மடம் என்று வாசித்துவிடலாம்.

அடுத்தது பயிற்சி. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் வட்டார வள மையத்தில் கருத்தாளர் (பயிற்சி கொடுப்பவர்) பேசுகிறார், ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தப் பயிற்சியில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பதே சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில், பயிற்சியில் சொன்ன உத்தியை எப்படி நடத்துவது என்று யாராவது அங்கேயே உட்கார்ந்து காட்ட வேண்டும். பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரி பதிவேட்டைத் திருத்துவதோடு நிற்காமல் ஒரு பீரியடாவது வகுப்பில் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களின் நேரத்தையும் தின்றுவிடக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவு, புள்ளிவிவரம் என்று நாள் கரைகிறது. நோட்டில் அந்த 25-ஐப் பார்த்து நிதானமாக யோசிக்க நேரம் எங்கே?

டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வின் தேர்ச்சியை மட்டும் வைத்துத் தரத்தை அளப்பதும் சரியல்ல. 150 கொள்குறி வினாக்கள் பாட அறிவைக் காட்டும், ஒரு பிள்ளை முன்னால் உட்கார்ந்து அதன் தவறைப் புரிந்துகொள்ளும் பொறுமையைக் காட்டாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதமும் அப்படித்தான். ஒன்வேர்டை மனப்பாடம் செய்ய வைத்து 35-ஐத் தாண்ட வைத்துவிடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் வீட்டில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, போன வருடத் தமிழ்ப் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திட்ட வேண்டாம். எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று குறித்துக்கொண்டு போய், மற்ற பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஆசிரியரிடம் காட்டி, ‘இதற்கு என்ன செய்யலாம் டீச்சர்?’ என்று கேளுங்கள்.