ஆண் சுண்டெலிகளை ஒரே கூண்டில் விடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, பிள்ளைகளுக்குச் சுண்டெலி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர் இரண்டாகத்தான் வாங்குகிறார்கள். ஒற்றையாக இருந்தால் ஏங்கிப்போகும் என்ற இரக்கம்தான் காரணம். இரண்டும் ஆணாக அமைந்துவிட்டால் அந்த இரக்கமே அவற்றுக்கு வினையாகிறது.

குட்டிப் பருவத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பருவம் எய்தியதும் நிலைமை மாறுகிறது. வயலிலும் களஞ்சியத்திலும் வாழும் சுண்டெலிகளில் வலுவான ஓர் ஆண் தன் எல்லையைச் சிறுநீர் வாசனையால் வரைந்து, மற்ற ஆண்களைத் துரத்திவிடும். தோற்றது ஓடிப் பிழைத்துக்கொள்ளும். கூண்டுக்குள் தோற்றதற்கு ஓட இடமில்லை. பாதித் தொல்லைகளுக்கு மூலம் இதுதான்.

ஆகவே முதல் தவறு, வளர்ந்த ஆண்கள் இருக்கும் கூண்டில் வெளியிலிருந்து இன்னொரு ஆணைக் கொண்டுவந்து விடுவது. ஒரே ஈற்றில் பிறந்து பிரியாமல் வளர்ந்த ஆண்கள் சில வேளை ஒத்துப்போகும். அறிமுகமில்லாதவை ஒத்துப்போகும் என்று நம்பி விடக் கூடாது, உயிரே போகலாம். சண்டையைத் தணிக்க ஒரு பெண்ணைச் சேர்ப்பது அதைவிட மோசம். போட்டி மூளும், மூன்று வாரத்தில் குட்டிகளும் பிறக்கும்.

அடுத்தது, நல்லெண்ணத்தால் வரும் தவறு: சுத்தம். சனிக்கிழமை காலையில் கூண்டை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, எல்லாவற்றையும் புதிதாக மாற்றுகிறோம். அதுவரை அடங்கியிருந்த எலிகள் சற்று நேரத்தில் வாலைத் தரையில் படபடவென்று அடிக்கத் தொடங்கும். அது சண்டைக்கு முன்னறிவிப்பு. பழகிய வாசனை எல்லாம் போய்விட்டதால் யார் பெரியவன் என்ற வழக்கை மறுபடியும் தீர்க்க வேண்டியிருக்கிறது. கூட்டுக்குப் பயன்பட்ட காகிதத்தையோ பஞ்சையோ, நனையாத பகுதியாகப் பார்த்து, புதுக் கூண்டிலும் வையுங்கள். சிறுநீர் ஊறிய தரைவிரிப்பை மட்டும் மாற்றாமல் விடாதீர்கள்; அந்த வாசனை சண்டையைத் தூண்டும், அதிலிருந்து எழும் அமோனியா மூச்சுக்குழலை அரிக்கும். பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் இந்த நெடி விரைவில் ஏறிவிடும். தேவதாரு, பைன் மரச்சுருள்களும் மூச்சுக்கு ஆகாது. துண்டாக்கிய காகிதமே போதும்.

காயத்தை நோய் என்று எண்ணி மருந்து தேடுவதும் நடக்கிறது. எலியைக் கையிலெடுத்துப் பாருங்கள். புண் எங்கே இருக்கிறது? வால் அடியிலும் பின்புறத்திலும் விரைப்பை அருகிலும் இருந்தால், ஓடும்போது பின்னாலிருந்து கடிபட்டிருக்கிறது. தலை, கழுத்து, தோள் பக்கம் சொரிந்த சிரங்காக இருந்தால் உண்ணிப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். பின்னங்கால் எட்டும் இடம் அதுதான். மீசை கத்தரித்ததுபோல் ஒட்ட இருந்தால் கூட இருப்பது மென்றிருக்கிறது. பெரும்பாலும் முழு மீசையோடு திரிவதுதான் அந்த வேலையைச் செய்தது.

கடிக்காயத்தில் மஞ்சள் பூசுவது நம் வீடுகளின் வழக்கம். எலி அதை நக்கிவிடும். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே சீழ் கட்டும். மனிதருக்கான மருந்தையும் பூச வேண்டாம். 30 கிராம் எடையுள்ள உடலுக்கு அளவு சொல்லக் கால்நடை மருத்துவரால்தான் முடியும். சிறு பிராணிகளைப் பார்ப்பவரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

அவ்வப்போது ஏறி மிதிப்பதும் துரத்துவதும் சகஜம். ரத்தம் தெரிந்தாலோ, ஒன்று மூலையில் முதுகைக் கூனி மயிர் சிலிர்த்து உட்கார்ந்து தீனிக்கு வராமல் இருந்தாலோ அன்றே பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நடுவில் நீட்டாதீர்கள், அட்டையை இடையில் செருகுங்கள். காயம் ஆறியதும் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். சேர்ந்தே இருப்பவற்றுக்கு மறைவிடம் வைத்தால் இரண்டு வாசல் உள்ளதாக வையுங்கள்; ஒற்றை வாசல் என்றால் துரத்தப்படுவது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தீனியையும் தண்ணீரையும் இரண்டு இடங்களில் வையுங்கள்.

தனியே இருக்கும் ஆண் பாவம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிறையக் காகிதம், ஓடும் சக்கரம், மாலையில் உங்கள் கை, இவை இருந்தால் அது நிம்மதியாக வாழும். துணை வேண்டும் என்றே தோன்றினால் விரை நீக்கும் சிகிச்சை செய்து, குறைந்தது மூன்று வாரம் பொறுத்து, பெண் எலிகளோடு விடலாம். அதற்குள் விட்டால் எஞ்சியிருக்கும் விந்தணுவே கருத்தரிக்கப் போதும்.