மணல், களிமண், பாறை: எடை குறைந்த ட்ரெயில் ஷூவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வசிக்கும் ஒருவர் அதிகாலையில் ஓடக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் தார்ச்சாலை, கடற்கரை மணல், பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் களிமண் ஆகிய மூன்றையும் மிதித்துவிட முடியும். அவ்வப்போது செங்குன்றத்தைத் தாண்டியுள்ள செம்மண் தடங்களுக்கோ, வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலைக்கோ செல்பவருக்குச் சரளைக்கல்லும் ஓடைப் பாறையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு தரைக்கும் ஒரு ஜோடி வாங்குவது பெரும்பாலோருக்கு இயலாது, தேவையும் இல்லை. ஆனால் ஒரே ஜோடி ட்ரெயில் ஷூவில் (மண், மணல், பாறைத் தடங்களில் ஓடுவதற்கான ஷூ) அனைத்தையும் சமாளிக்க வேண்டுமென்றால், கடைக்குப் போகும் முன்பே ஒரு மாதத்தில் எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறோம் என்று எழுதிப் பார்ப்பது நல்லது. மலைக்குப் போகும் ஆசையில் மலைக்கான ஷூவை வாங்கி, அதை எண்ணூர் நெடுஞ்சாலையின் தாரிலேயே தேய்த்துத் தீர்ப்பவர்கள் ஏராளம்.

எடை விஷயத்தை முதலில் பேசிவிடலாம். விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது அதுதான் என்றாலும், என் கருத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதுவே. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அப்படியானால் 240 கிராம் ஷூவுக்கும் 290 கிராம் ஷூவுக்கும் உள்ள வேறுபாடு அரை சதவீதம்தான். மறுபுறம், உலர்ந்த மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையில் ஓடுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்படும். கால் வழுக்குவதையும் மணலில் புதைவதையும் குறைத்துக்கொள்வதால் கிடைக்கும் ஆதாயத்தின் முன் இருபது, முப்பது கிராம் ஒரு பொருட்டே அல்ல. நம் ஊருக்கு உண்மையில் முக்கியமானது நனைந்த பிறகு ஷூ எவ்வளவு கனக்கிறது என்பதுதான். அதை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. மேலும், அறிவிக்கப்படும் எடை பொதுவாக ஆண்களுக்கான இங்கிலாந்து அளவு 8 அல்லது அதை ஒட்டிய ஓர் அளவுக்குரியது. 10ஆம் எண் அணிபவரின் ஷூ அதைவிடக் கனமாகத்தான் இருக்கும்.

அடிப்பாகத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பற்களின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பற்கள் தாருக்கும் இறுகிய மண்ணுக்கும் போதும். மழைக்காலச் சேற்றுக்கென்றே செய்யப்படும் ஷூக்களில் அவை ஆறு மில்லிமீட்டருக்கும் மேல் போகும். ஆழமான பற்களோடு தாரில் ஓடினால் ஒவ்வோர் அடியிலும் பற்கள் வளைந்து கொடுப்பது காலுக்குத் தெரியும். ரப்பரும் விரைவில் தேய்ந்துவிடும். வீட்டு வாசலிலிருந்தே ஓடத் தொடங்கும் வடசென்னைக்காரருக்கு மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் வரை உள்ளதே சரியான நடுநிலை என்பேன். உயரத்தைப் போலவே பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியும் முக்கியம். கால்வாய் ஓரத்துக் களிமண் மழைக்குப் பின் அப்பமாக ஒட்டிக்கொள்ளும். பற்கள் நெருக்கமாக இருந்தால் மண் அடைத்துக்கொண்டு, நான்கு மில்லிமீட்டர் பல் இருந்தும் இல்லாததாகிவிடும். விரலை வைத்துப் பார்த்து, பற்களுக்கிடையே மண் உதிர்ந்து விழ வழி இருக்கிறதா என்று சோதியுங்கள்.

ரப்பரின் தன்மை அடுத்தது. மென்மையான ரப்பர் ஈரப் பாறையைப் பற்றிக்கொள்ளும், ஆனால் தாரில் சீக்கிரம் கரையும். கடினமான ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் ஈரப் பாறையில் நம்பிக் கால் வைக்க முடியாது. வைப்ரம் நிறுவனத்தின் மெகாகிரிப் போன்ற கலவைகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்க முயல்பவை. அதற்கேற்ப ஷூவின் விலையும் உயரும். எந்த ரப்பராக இருந்தாலும் காசிமேடு முதல் எர்ணாவூர் வரை கரையோரம் கொட்டியிருக்கும் பாறாங்கற்களின் மேலும் தூண்டில் வளைவுகளின் மேலும் ஓடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பாசி பிடித்த கல்லில் எந்த ஷூவும் நிற்காது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் அதிகம் பேசாத ஒன்று முள். ஏரிக்கரை, தரிசு நிலம், மலையடிவாரம் என்று எங்கு போனாலும் சீமைக் கருவேல முள் கிடக்கும். அது மெல்லிய அடிப்பாகத்தை எளிதாகத் துளைத்துவிடும். முன்பாதத்தின் கீழ் ராக் பிளேட் எனப்படும் மெல்லிய தகடு பதித்த ஷூக்கள் கூர்மையான கல்லிலிருந்தும் ஓரளவு முள்ளிலிருந்தும் காப்பாற்றும். இதற்காகக் கூடும் எடையை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன். தகடு இல்லாத ஷூவானால், முன்பாதப் பகுதியைக் கட்டைவிரலால் அடியிலிருந்து பலமாக அழுத்திப் பாருங்கள்; அழுத்தம் உள்ளே வைத்த மறுகையில் தெளிவாக உறைத்தால், செம்மண் சரளையில் அரை மணி நேரத்துக்குள் பாதம் நோகத் தொடங்கும்.

மேல்பகுதிக்கு நீர் புகாத துணி வேண்டாம். குளிர் நாடுகளில் அது பயன்படலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளிருக்கும் வியர்வை வெளியேறாமல் பாதம் ஊறிப்போகும். ஓடையில் ஒருமுறை கணுக்கால்வரை இறங்கிவிட்டால், உள்ளே புகுந்த நீரும் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். வலைத்துணி நல்லது, ஆனால் கண்கள் பெரிதாக உள்ள வலை மணலை உள்ளே விட்டுவிடும் என்பதால் நெருக்கமாக நெய்ததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாக்குப் பகுதியின் இரு ஓரங்களும் ஷூவின் உட்புறத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடற்கரை மணலும் பொடிக்கல்லும் பெரும்பாலும் அந்த இடைவெளி வழியாகத்தான் நுழைகின்றன. விரல் நுனியில் தடித்த ரப்பர் காப்பு இருப்பது கல்லில் இடித்துக்கொள்ளும் நாளில் அருமை தெரியவரும் அம்சம்.

பொருத்தம் சரியில்லையென்றால் இதுவரை சொன்ன எதுவும் உதவாது. வெறுங்காலில் நடந்து வளர்ந்த இந்தியர்களின் பாதங்கள் அகலமாக இருப்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பிய அச்சில் செய்த குறுகிய எடை குறைந்த ஷூக்களில் நம்மில் பலருக்குச் சுண்டுவிரல் நசுங்குவதில் வியப்பில்லை. அப்படி நசுங்கினால் ஓர் எண் கூட்டி வாங்குவது தீர்வாகாது. நீளம் கூடிக் குதிகால் கழன்றுகொள்ளும். அகல அளவில் கிடைக்கும் மாடலையோ, ஆல்ட்ரா நிறுவனத்தின் ஷூக்களைப் போல விரல் பகுதி விரிந்த வடிவத்தையோ தேடுவதே சரி. பாதம் பகலில் சற்று வீங்குவதால் மாலையில், ஓடும்போது அணியும் அதே சாக்ஸுடன் அணிந்து பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடையிலுள்ள படிக்கட்டிலோ சாய்தளத்திலோ வேகமாக இறங்கிப் பாருங்கள். விரல்கள் முன்னால் போய் முட்டினால், நாகலாபுரத்திலிருந்து இறங்கும்போது நகம் கறுத்துவிடும். குதிகால் மட்டும் சற்று தளர்வாக இருந்தால், மேலே உள்ள கூடுதல் துளையில் லேஸைக் கண்ணிபோல் கோத்து இறுக்குவது பல சமயம் அதைச் சரிசெய்துவிடும்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இப்போது அணிவது 10 மில்லிமீட்டர் என்றால் ஒரேயடியாகப் பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டாம். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் தாங்காது. அடிப்பாகத்தின் மொத்த உயரம்தான் கவனிக்கத்தக்கது. மிக உயரமான மெத்தை தாரில் சொகுசாக இருந்தாலும் மேடுபள்ளத் தடத்தில் கணுக்காலைப் புரட்டிவிடும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

அக்கம்பக்கத்துக் கடைகளில் ட்ரெயில் ஷூ கிடைப்பது அரிது என்பதால் பெரிய விளையாட்டுப் பொருள் கடைக்கோ இணையத்துக்கோதான் போக வேண்டியிருக்கும். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கும்பட்சத்தில், அடுத்தடுத்த இரண்டு அளவுகளை வரவழைத்து வீட்டுக்குள்ளேயே அணிந்து பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிவிடலாம். பாதி விலைக்கு வரும் பழைய சரக்கில், ஓரத்தை வளைத்துப் பார்த்து ஒட்டுப்பசை விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கடல்நீர் பட்ட ஷூவை அன்றே நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும்; மொட்டைமாடி வெயிலிலோ நிறுத்திய காரின் டிக்கியிலோ வைத்தால் பசை இளகும். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அந்தக் கணக்கைவிடப் பற்களைப் பார்ப்பதே மேல்: அவை பாதிக்கும் கீழே தேய்ந்துவிட்டால் அந்த ஜோடியை மலைக்கு எடுத்துச் செல்லாமல் தார்ச்சாலை ஓட்டத்துக்கு ஒதுக்கிவிடலாம்.