கனடா ரிசர்வ் நில ஆவணங்கள்: சீட்டைப் பட்டா என்று படிக்காதீர்கள்

கனடாவில் பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலமே ரிசர்வ். அதன் பழைய ஆவணங்களைப் படிக்கையில் மங்கிய கையெழுத்து, பெயர்க் குழப்பம் எல்லாம் பழகினால் சரியாகிவிடும். ஆய்வையே கெடுக்கும் தவறுகள் வேறு.

லொகேஷன் டிக்கெட்டைச் சொத்துரிமையாக எண்ணுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ரிசர்வில் ஒரு மனையை ஒருவருக்கு ஒதுக்கியதற்கான சீட்டே லொகேஷன் டிக்கெட். அதில் ஒருவர் பெயரைப் பார்த்ததும் ‘நிலம் இவருக்குச் சொந்தம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நிலம் அரசின் பேரிலேயே இருந்தது. சீட்டு தந்தது அனுபோகம் மட்டும். 1869 சட்டத்தில் தொடங்கிய இம்முறையை 1876 இந்தியன் சட்டம் விரித்தது. பேண்ட் எனப்படும் பழங்குடிக் குழு மனையை ஒதுக்கும்; பழங்குடி விவகாரங்களைக் கவனித்த அரசின் தலைமைக் கண்காணிப்பாளர் ஒப்புதல் தந்தால் சீட்டு மூன்று படிகளாக எழுதப்படும். ஒன்று அவருடைய பதிவேட்டில், ஒன்று அரசின் வட்டார ஏஜெண்டின் கோப்பில், ஒன்று உரியவர் கையில். குடும்பத்தாரிடம் இருந்த படி தொலைந்தாலும் மற்ற இரண்டையும் தேடாமல் ‘சீட்டே இல்லை’ என்று முடிக்காதீர்கள்.

சொந்தம் என்று எழுதிவிட்டால் அடுத்து வருவதெல்லாம் பிசகும். கடனுக்காக அந்த நிலத்தை ஜப்தி செய்ய முடியாது. கைமாற்றுவதென்றால் அதே பேண்டைச் சேர்ந்தவருக்கு மட்டும். அதற்கும் பேண்ட் மன்றத்தின் சம்மதமும் கண்காணிப்பாளரின் ஒப்புதலும் வேண்டும். ‘நிலத்தை ஈடு வைத்து ஏன் விவசாயத்தைப் பெருக்கவில்லை?’ என்று கேட்பவர் சட்டத்தைப் புரட்டவில்லை என்று பொருள்.

முழு உரிமைப் பத்திரத்துக்கு 1876 சட்டத்தின் 86-ஆம் பிரிவில் வேறு வழி இருந்தது: சோதனைக் காலச் சீட்டு, குறைந்தது 3 ஆண்டு நன்னடத்தை, அப்புறம் பத்திரம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை, சட்டப்படி பழங்குடி என்ற தகுதியை இழப்பது. கோப்பில் இருப்பது எந்தச் சீட்டு என்று பிரிவு எண்ணைப் பார்த்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

சீட்டில்லாதவரை அத்துமீறியவராக்குவது

சீட்டு விதி, அளந்து மனைகளாகப் பிரித்த ரிசர்வுகளுக்கே. மானிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மேற்குப் பகுதிகளில் ரிசர்வ் வகுக்கும் முன்பே வீடு, விளைநிலம் என்று நிலைத்திருந்தவருக்கு, அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு சீட்டுக்காரருக்குரிய சலுகைகளையே தந்தது. வழக்கப்படி நிலம் பகிர்ந்து, சீட்டு முறைக்கே போகாத பேண்டுகளும் பல.

1951 சட்டத்தின் தாள்களைக் கலப்பது

1951 இந்தியன் சட்டத்தில் பேண்ட் உறுப்பினருக்கு ஒதுக்கிய நிலத்துக்கான தாள் உடைமைச் சான்றிதழ்; அதற்குக் காலக்கெடு இல்லை. அந்த ஒதுக்கீட்டுக்கு அமைச்சர் ஒப்புதலை நிறுத்திவைத்தால் வருவது தற்காலிக அனுபோகச் சான்றிதழ்: 2 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 2. ரிசர்வ் நிலத்தைப் பயன்படுத்த அமைச்சர் தரும் பிரிவு 28(2) பர்மிட் பெரும்பாலும் வெளியாருக்கானது. மன்றம் சம்மதிக்காவிட்டால் ஓராண்டுதான்.

பாஸும் நிலச்சீட்டும்

1885 முதல் மேற்கில் கேட்கப்பட்ட பாஸ், ரிசர்வை விட்டு வெளியே போக. அதற்குச் சட்ட ஆதாரமே இல்லை. விளைச்சலை விற்க வாங்கிய பர்மிட் இன்னொன்று. இரண்டுமே நிலச்சீட்டு அல்ல.

மாகாணச் சட்டத்தைப் பொருத்துவது

வேண்டாம். 1986 டெரிக்சன் வழக்கைப் படியுங்கள்: மாகாணக் குடும்பச் சட்டத்தைக் கொண்டு ரிசர்வ் நிலத்தைத் தம்பதியருக்குள் பிரிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.